ஏட்ரியானாவின்ரை சாவை ஏன் மறைச்சவை? ‘சொப்ரானோஸ்’ 5ஆம் பருவம், 12ஆம் பகுதி

கோண்டாவிலான்:

‘த சொப்ரானோஸ்’ இன்னும் பாத்து முடிக்காதவை இதோடை நிப்பாட்டுங்கோ. கதை முழுக்க உடையும்.

நியூ ஜேர்சி மாஃபியாக் கூட்டத் தலைவன் டோனி சொப்ரானோவைப் பற்றின அமெரிக்கத் தொடர் இது. 2004 மே 23 எச்பிஓ சனலிலை போன பகுதியைப் பற்றித்தான் கேள்வி. மறந்தவைக்குச் சுருக்கமாய்ச் சொல்லுறன். கிறிஸ்தோபர் டோனியின்ரை கூட்டத்திலை ஒருத்தன், ஏட்ரியானா அவனைக் கட்டப்போற பெட்டை. 2002 இலை போன நாலாம் பருவத்திலை இருந்தே எஃப்பிஐ அவளைப் பிடிச்சு, கூட்டத்தைப் பற்றித் தகவல் தரச்சொல்லி நெருக்கிக்கொண்டிருக்கு. இந்தப் பகுதியிலை அவள் உடைஞ்சுபோய் கிறிஸ்தோபருக்கு எல்லாத்தையும் சொல்லுறாள். கொஞ்ச நேரத்தாலை டோனி போன் எடுத்து, கிறிஸ்தோபர் தற்கொலைக்கு முயற்சி செய்துபோட்டான், என்ரை வலதுகை சில்வியோ வந்து உன்னை ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போவான் எண்டு சொல்லுறார். கார் றோட்டை விட்டுக் காட்டுக்குள்ளை திரும்புது. சில்வியோ கதவைத் திறந்து இழுத்து விழுத்துறான். அவள் கையும் காலும் நிலத்திலை ஊண்டித் தவழ்ந்து சட்டகத்துக்கு வெளியாலை போறாள், அவன் பின்னாலை போறான், ரெண்டு வெடிச் சத்தம். கமரா மரங்களைக் காட்டுது. முடிஞ்சுது.

என்ரை நிலைப்பாடு இதுதான்: இது தயங்கின நெறியாள்கை. இதே தொடர் 2000 இலை டோனியின்ரை சிநேகிதன் பிக் புசியைப் படகுக்குள்ளை வைச்சு மூண்டுபேர் சுடுறதைக் காட்டினது. 2001 இலை ட்ரேசி எண்ட நடனக்காரியை டோனியின்ரை ஆள் ரால்ஃப் அடிச்சுக் கொல்லுறதைக் காட்டினது. 2002 இலை அந்த ரால்ஃபையே டோனி குசினியிலை வைச்சுக் கொன்று, பேந்து கிறிஸ்தோபரோடை சேர்ந்து குளியல் தொட்டியிலை தலையையும் கையையும் வெட்டி எடுத்து, தலையை போலிங் பந்துப் பைக்குள்ளை போட்டதைக் காட்டினது. பகுதியின்ரை பாதிநேரம் துப்பரவாக்கிறதிலையே போனது. இவ்வளவும் காட்டினவை, பாக்கிற ஆக்கள் ஆகக்கூட நேசிச்ச ஒருத்தியின்ரை சாவிலை முகத்தைத் திருப்பினவை. அதாலை என்ன நடந்தது? அவள் தப்பியிருப்பாள், உடம்பைக் காட்டேல்லைத்தானே எண்டு சனம் வருசக்கணக்காய் வாதாடிக்கொண்டிருந்தது. ஒரு கொலையைப் புதிராக்கிப்போட்டினம்.

வல்லைவெளி:

அண்ணை, நீங்கள் சொன்ன நாலு கொலையையும் ஒரே வரிசையிலை வைக்கேலாது. ஒவ்வொண்டும் ஒவ்வொரு வேலைக்காக எடுத்தது. முதல் இந்தக் காட்சி எப்பிடிக் கட்டப்பட்டிருக்கெண்டு பாருங்கோ.

டோனியின்ரை போன் அழைப்பு வரேக்கை எங்களுக்கும் அவளுக்கும் தெரிஞ்சது ஒரே அளவு. கிறிஸ்தோபர் டோனியிட்டைப் போனதை இயக்குநர் ரிம் வான் பட்டன் எங்களுக்குக் காட்டேல்லை. எழுதின ரெரன்ஸ் வின்டர் அந்த இடத்தை வேணுமெண்டே வெறுமையாய் விட்டிருக்கிறார். அடுத்தது, அவள் தனிய தன்ரை காரை ஓட்டிக்கொண்டு, பக்கத்திலை சூட்கேஸோடை ஊரை விட்டுப் போற காட்சி வருது. பாக்கிறவனுக்கு ஒரு மூச்சு வருது, தப்பிட்டாள் எண்டு. உடனை வெட்டிச் சில்வியோவின்ரை காருக்குள்ளை கொண்டுவருகினம். அவள் ஓட்டிக்கொண்டு போனது அவளின்ரை மனசுக்குள்ளை மட்டும்தான்.

இந்த வெட்டுத்தான் அந்தப் பகுதியின்ரை வன்முறை. ஆசையைக் குடுத்துப் பறிக்கிறது. அதுக்குப் பிறகு காருக்குள்ளை போற நேரம் முழுக்க அவளின்ரை முகத்திலைதான் கதை நடக்குது. எந்த இடத்திலை அவளுக்கு விளங்குதெண்டு பாக்கிறவன் தேடிக்கொண்டே இருப்பான். கார் காட்டுக்குள்ளை திரும்பேக்கை அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதுக்குப் பிறகு குண்டு உடம்பிலை படுறதைக் காட்டினால் புதுசாய் என்ன தெரியவரும்?

இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கு. சுடுறதைக் கிட்டத்திலை எடுக்க உடுப்புக்குள்ளை சின்ன வெடிமருந்துத் துண்டும் செயற்கை இரத்தப் பையும் வைச்சு வயரிலையோ றிமோட்டிலையோ வெடிக்க வைக்கிறவை. நிண்டுகொண்டிருக்கிற ஆளுக்கு நெஞ்சிலை வைச்சால் அது நல்லாய் வேலைசெய்யும். தவழுற ஆளுக்கு முதுகிலை வைச்சால் துணி மடியும், பை இடம் மாறும், வெடிப்பு நேரத்துக்கு வராது. வந்தாலும் பாக்கிறவன்ரை கண் உடனை ‘எப்பிடிச் செய்தவை’ எண்ட பக்கம் போகும். அழுகை அந்த இடத்திலையே அறுந்துபோகும். இந்தக் காட்சிக்கு அது நஞ்சு.

கோண்டாவிலான்:

தொழில்நுட்பத்தை மறுக்கேல்லை. ஆனால் முதுகிலை குண்டைக் காட்டச் சொல்லி நான் கேக்கேல்லை. முடிவைக் காட்டச் சொல்லித்தான் கேக்கிறன். தூரத்திலை வைச்சு ஒரு அகலச் சட்டகம், இலைச் சருகுக்குள்ளை கிடக்கிற உடம்பு, மூண்டு செக்கன் காணும். இரத்தப்பை ஒண்டும் தேவையில்லை. எச்பிஓ சந்தாக் கட்டிப் பாக்கிற சனல். நடுவிலை விளம்பரமும் இல்லை, பொது அலைவரிசைக்கு இருக்கிற கட்டுப்பாடும் இல்லை. பேந்து 2007 இலை ஏ அண்ட் ஈ சனல் இதை மறு ஒளிபரப்புக்கு எடுக்கேக்கை கெட்ட பேச்சையும் நிர்வாணத்தையும் வெட்டவேண்டி வந்தது. எச்பிஓவுக்கு அப்பிடி ஒரு நிர்ப்பந்தமும் இருக்கேல்லை. ஆக, மறைச்சது அவையின்ரை சொந்த முடிவு. அந்த முடிவுக்குத்தான் கணக்குக் கேக்கிறன்.

பண்ணைப்பாலம்:

ரெண்டுபேரும் கமராவிலையே நிக்கிறியள். கதையின்ரை நியாயத்தைப் பாப்பம். அவள் காட்டிக்குடுத்தவள். அந்த உலகத்திலை அதுக்கு ஒரே தண்டனைதான். பிக் புசி டோனியின்ரை எத்தனை வருசச் சிநேகிதன்? உடம்பிலை ஒலிப்பதிவுக் கருவி கட்டினான், செத்தான். அதே சட்டம் இவளுக்கும் வந்தது. அழுகிறவை பிக் புசிக்கு இவ்வளவு அழேல்லை. பொம்பிளைப்பிள்ளை, வடிவான பிள்ளை எண்டதுக்காக விதியை மாத்தச் சொல்லுறது சரியில்லை.

மாதகல் தங்கச்சி:

பண்ணைப்பாலம் அண்ணா, ரெண்டு சாவையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பாருங்கோ. ஒரே சட்டம் எண்டு சொல்லவே மாட்டியள்.

பிக் புசிக்கு என்ன நடந்தது? படகிலை கூட்டிக்கொண்டு போகினம். டெக்கீலா ஊத்திக் குடுக்கினம். பகிடிக் கதை சொல்ல விடுகினம். முகத்திலை சுடாதேங்கோ எண்டு அவன் கேக்கிறான். டோனி, சில்வியோ, போலி (Paulie) எண்ட இன்னொரு கூட்டாளி, மூண்டுபேரும் சேர்ந்து சுடுகினம், பொறுப்பை மூண்டாய்ப் பிரிச்சு. அதுக்குப் பிறகும் அவன் டோனியின்ரை கனவிலை வாறான். அவையின்ரை கண்ணிலை அவன் கடைசிவரை ஒரு மனிசன்.

ஏட்ரியானாவுக்கு? பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போகினம். கிறிஸ்தோபருக்கு ஒண்டும் நடக்காது, சுகமாவான் எண்டு அவளையே தேற்றிக்கொண்டு சில்வியோ கார் ஓட்டுறான். இறக்கேக்கை வாயிலை வாற சொல் பொம்பிளையைத் திட்டுறதிலை ஆகக் கேவலமானது. தன்ரை தரப்பைச் சொல்ல ஒரு நிமிசம் குடுக்கேல்லை. ஒரு கேள்வியும் கேக்கேல்லை.

அடுத்தது, அவள் உண்மையிலை என்னத்தைக் காட்டிக்குடுத்தவள்? பிக் புசி கருவி கட்டினான். அவள் கடைசிவரை கட்ட மாட்டன் எண்டு நிண்டவள். அரைகுறைத் தகவல்தான் குடுத்துக்கொண்டு இருந்தவள், அதுவும் தட்டிக்கழிச்சுத் தட்டிக்கழிச்சு. ஆறாம் பருவத்தின்ரை முதல் பகுதியிலை, 2006 மார்ச்சிலை, ரே கர்டோ எண்ட, டோனியின்ரை கூட்டத்திலை ஒரு குழுத் தலைவன், எஃப்பிஐ ஆளின்ரை காருக்குள்ளை இருந்து ஒலிப்பதிவைக் குடுத்துக்கொண்டு இருக்கேக்கையே பாரிசவாதம் வந்து சாகிறான். வருசக்கணக்காய்த் தகவல் குடுத்தவன். டோனி அவனை நல்ல மனிசன் எண்டு நினைச்சுக்கொண்டே அடக்கம் செய்யினம். உண்மையாய்க் காட்டிக்குடுத்தவனுக்கு மலர்வளையம், வாய் திறந்து காதலனிட்டை உண்மையைச் சொன்னவளுக்குக் காடு.

‘காட்டிக்குடுத்தால் சாவுதான்’ எண்டு இலகுவாய்ச் சொல்லுறதை இந்த ஊரிலை இருந்துகொண்டு என்னாலை ஏற்க ஏலாது. மின்கம்பத்திலை கட்டிச் சுட்டுப்போட்டுக் கழுத்திலை மட்டை தொங்கவிட்ட காலத்தை யாழ்ப்பாணம் கண்டது. மட்டையிலை எழுதியிருந்தது சரியோ பிழையோ எண்டு விசாரிக்க ஒருத்தரும் இருக்கேல்லை. சில்வியோவும் விசாரிக்கேல்லை. கிறிஸ்தோபர் சொன்னது காணும் அவைக்கு.

பண்ணைப்பாலம்:

தங்கச்சி, எங்கடை ஊர்க் கதையை அதுக்குள்ளை கொண்டுவராதேங்கோ. நான் நியாயப்படுத்தேல்லை. அந்தக் கூட்டத்தின்ரை உள்விதியைத்தான் சொன்னனான். அவளிட்டை வேறை வழி இருந்தது. எஃப்பிஐயோடை போயிருக்கலாம். பாதுகாப்புத் திட்டம் இருந்தது. போகாமல் கிறிஸ்தோபரிட்டைப் போனவள். அது அவளின்ரை தெரிவு.

சட்டப்பிரதி:

இந்த இடத்தில் சட்டப் பக்கத்தைத் தெளிவாக்க வேண்டும். ‘எஃப்பிஐயோடு போயிருக்கலாம்’ என்று பலரும் எழுதுகிறார்கள். அவள் முன் இருந்த கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அமெரிக்காவில் 1970இல் நிறைவேறிய ஒருங்கமைந்த குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்தான் இரண்டும் வந்தன. ஒன்று ‘ரிக்கோ’. ஒரு கூட்டத்தையே ஒரு குற்ற நிறுவனமாகக் காட்டி, தலைவரை அவர் கைபடாத குற்றங்களுக்கும் பொறுப்பாக்க அது வழிசெய்கிறது. மற்றது சாட்சிப் பாதுகாப்பு. அதை நடத்துவது எஃப்பிஐ அல்ல, மார்ஷல் சேவை. ரிக்கோ வழக்குக்கு உள்ளே இருப்பவரின் வாக்குமூலமும் ஒலிப்பதிவும் பெரும் பலம். எனவேதான் ஏட்ரியானாவின் முகவர்கள் அவளைக் கருவி கட்டச் சொல்லி நெருக்கினார்கள். வெறும் வாய்வார்த்தையாக அவள் சொன்னவை டோனியை மன்றில் நிறுத்தப் போதுமானவையல்ல.

பாதுகாப்புத் திட்டம் கேட்டவருக்கெல்லாம் கிடைப்பதில்லை. சாட்சியம் பெறுமதியானது என்று வழக்குத் தொடுநர் முன்மொழிந்து, நீதித் திணைக்களம் ஒப்புதல் தரவேண்டும். புதுப் பெயர், புது ஊர், பழைய தொடர்புகள் முழுக்க அறுபட வேண்டும். விதியைக் கைவிடாத எவரும் கொல்லப்படவில்லை என்று மார்ஷல் சேவை சொல்லிவருகிறது. அந்த விதிதான் அவளால் முடியாதது. கிறிஸ்தோபர் இல்லாமல் போவதென்றால் அவள் என்றைக்கோ போயிருப்பாள். அவனையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று முகவர்களிடம் கெஞ்சி நேரம் வாங்கினாள். அந்த அவகாசம்தான் உயிரைக் குடித்தது. முகவர்களுக்கு இதில் பெரிய பங்குண்டு. அவன் வந்தால் ஒரு தகவலாளிக்குப் பதில் இருவர் என்ற கணக்கில், பாதுகாப்பு எதுவும் இல்லாமல் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கல்யாணக் கதவையும் அவள் தட்டினாள். நாலாம் பருவத்தில் தொலைக்காட்சியில் ஒரு வழக்கு நாடகத்தைப் பார்த்துவிட்டு, மனைவியானால் கணவனுக்கெதிராகச் சாட்சி சொல்ல வற்புறுத்த முடியாது என்று நம்புகிறாள். அதில் பாதிதான் உண்மை. 1980இல் ட்ராம்மல் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தபடி, கூட்டாட்சிக் குற்ற வழக்குகளில் சாட்சி சொல்வதா வேண்டாமா என்ற உரிமை சாட்சியாக நிற்கும் துணைக்கே உரியது. அவள் மறுத்தால் வற்புறுத்த முடியாது. ஆனால் அவள் தலைமேல் இருந்த சொந்தக் குற்றச்சாட்டு அதனால் போகாது. கடைசிப் பகுதியில் அவளை மடக்கியது அந்தச் சொந்தக் குற்றந்தான்: தன் கிளப்பில் நடந்த கொலையை மறைத்தது. அந்தக் கல்யாணம் நடந்திருந்தாலும் முகவர்களிடம் அதே பிடி இருந்திருக்கும்.

இன்னொன்று. இந்தத் தொடரே 1999இல், முதற் பருவத்தின் ஐந்தாம் பகுதியில், மகளுக்குக் கல்லூரி பார்க்கப் போன இடத்தில் டோனி ஒரு பழைய தகவலாளியைக் கண்டு கம்பியால் கழுத்தை நெரிப்பதைக் காட்டியது. அந்த மனிதன் பாதுகாப்புத் திட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவன். திட்டத்துக்கு வெளியே நிற்பவனுக்கு என்ன நடக்கும் என்பதைத் தொடர் ஆரம்பத்திலேயே எழுதி வைத்துவிட்டது.

கோண்டாவிலான்:

சட்டப்பிரதி அண்ணை சொன்ன அந்தக் 1999 பகுதியைத்தான் நானும் எடுக்க இருந்தனான். அதிலை டோனி நெரிக்கிற நேரம் அவரின்ரை முகம் சட்டகம் முழுக்க நிக்குது. பல்லைக் கடிச்சுக்கொண்டு, வாயோரம் எச்சில், கம்பி கையை அறுக்குது. இந்தக் கொலையைக் காட்டினால் கதாநாயகனைச் சனம் வெறுத்துவிடும் எண்டு எச்பிஓ பயந்தது. தொடரை உருவாக்கின டேவிட் சேஸ் விடேல்லை. இவன் இதைச் செய்யாட்டில் இவனை ஒரு கூட்டத் தலைவன் எண்டு ஒருத்தரும் நம்பமாட்டினம் எண்டது அவரின்ரை வாதம். அந்த வாதம் வெண்டது. தொடரின்ரை மரியாதையே அந்த முகத்திலை இருந்துதான் வந்தது.

இப்ப 2004 க்கு வாங்கோ. சில்வியோவின்ரை முகம் எங்கை? சுடுற நேரம் அவன் சட்டகத்துக்கு வெளியாலை. டோனிக்கு வைச்ச அளவுகோலைச் சில்வியோவுக்கு ஏன் வைக்கேல்லை? பாக்கிறவன் அதுக்குப் பிறகும் சில்வியோவை அதே ஆசையோடைதான் பாத்தவன். உதட்டைச் சுழிச்சுக் கதைக்கிறதையும் தலைமுடியையும் ரசிச்சுக்கொண்டு. அவன்ரை கையிலை இருந்த இரத்தத்தைக் கமரா கழுவிக் குடுத்திட்டுது.

வல்லைவெளி:

இது நல்ல கேள்வி. ஆனால் அந்த ரெண்டு காட்சியும் எதைப் பற்றினது எண்டு கேளுங்கோ. 1999 காட்சி டோனியைப் பற்றினது. நெரிக்கேக்கை டோனிக்கு அதிலை ஒரு மகிழ்ச்சி இருக்கு, அதைக் காட்டத்தான் முகம். 2004 காட்சி சில்வியோவைப் பற்றினதே இல்லை. அவன் ஏவலுக்கு வந்தவன். உண்மையிலை கொலை செய்தது கிறிஸ்தோபர், கொலை நடந்த இடம் பெற்றோல் ஷெட்.

அந்தக் காட்சியை எத்தனைபேர் வடிவாய்ப் பாத்தவை? ஏட்ரியானா உண்மையைச் சொன்னவுடனை கிறிஸ்தோபர் அவளின்ரை கழுத்தைப் பிடிச்சு நெரிக்கிறான். பிறகு விட்டுட்டு அழுகிறான். ரெண்டுபேரும் எஃப்பிஐயோடை போவம் எண்ட மாதிரித் தலையாட்டுறான். யோசிக்கோணும், சிகரெட் வாங்கிக்கொண்டு வாறன் எண்டு வெளிக்கிடுறான். பெற்றோல் அடிக்கிற இடத்திலை ஒரு குடும்பத்தைப் பாக்கிறான். பழைய அடிபட்ட கார், பின்பக்கம் முடி வளத்த மனிசன், மனிசி, குழந்தையள். எஃப்பிஐயோடை போனால் தன்ரை வாழ்க்கை எப்பிடி இருக்கப்போகுதெண்டு அந்தக் குடும்பத்திலை அவன் கண்டிட்டான். ஒரு வசனமும் இல்லை. அவன் அவைக்குப் பின்னாலை நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறான், அவ்வளவுதான். அதிலை ஏட்ரியானா செத்திட்டாள். பேந்து காட்டிலை நடந்தது நிறைவேற்றம் மட்டும்.

இந்தத் தொடருக்கெண்டு இசையமைச்ச பின்னணி இசை கிடையாது. இருக்கிற பாட்டுக்களைத்தான் எடுத்துப் போடுவினம். எங்கடை மெகா சீரியலிலை எண்டால் அந்தப் பெற்றோல் ஷெட்டிலை இடிமுழக்கம் போட்டு, அவன்ரை முகத்தை மூண்டுதரம் மூண்டு கோணத்திலை இழுத்து இழுத்துக் காட்டியிருப்பினம். இஞ்சை ஒண்டும் சொல்லாமல் விட்டதாலை கனபேர் அந்தக் காட்சியைத் தாண்டிப் போயிட்டினம். காட்டிலை போய் நிண்டுகொண்டு ‘ஏன் காட்டேல்லை’ எண்டு கேக்கிறது, கொலையை வேறை இடத்திலை தேடுறதாலைதான்.

கோண்டாவிலான்:

பெற்றோல் ஷெட் காட்சியை ஒத்துக்கொள்ளுறன். தொடரிலை வந்த ஆகச் சிறந்த ஒரு நிமிசங்களிலை அதுவும் ஒண்டு. ஆனால் உங்கடை வாதம் அதிலையே உடையுது. முடிவு அந்த இடத்திலையே முழுமையாய் விளங்கியிருந்தால், 2006 மே மாதம் போன பகுதியிலை பழைய நினைவாய், கிறிஸ்தோபர் டோனியின்ரை வீட்டுக்கு வந்து ஏட்ரியானாவைப் பற்றிச் சொல்லுற காட்சியை ஏன் சேர்த்தவை? ரெண்டு வருசம் கழிச்சு! இடைவெளி இருந்ததெண்டு எடுத்தவைக்கே தெரிஞ்சிருக்கு.

அதே மாதம் இன்னொரு பகுதி. டோனியின்ரை மனிசி கார்மெலா பாரிசிலை ஏட்ரியானாவைக் கனவிலை காணுறா. ஏட்ரியானா செத்துப்போன தன்ரை நாய்க்குட்டி கொசெட்டோடை நிக்கிறாள். பிரெஞ்சுப் பொலிஸ்காரன் கார்மெலாவிட்டை, உங்கடை சிநேகிதிக்கு அவ செத்துப்போனதை ஆரோ சொல்லோணும் எண்டுறான். நாய்க்குட்டி 2002 இலையே கிறிஸ்தோபர் மேலை இருந்து செத்தது, அதாலை விசயம் விளங்குது. ‘அவள் உயிரோடை’ எண்ட வாதத்தை மூடுறதுக்கு இந்த வேலையெல்லாம் பாக்கவேண்டி வந்தது. மூண்டு செக்கன் அகலச் சட்டகம் எல்லாத்தையும் முடிச்சிருக்கும்.

மாதகல் தங்கச்சி:

கோண்டாவிலான் அண்ணா, பாரிஸ் கனவு பாக்கிற எங்களுக்காக இல்லை, கார்மெலாவுக்காக வைச்சது. அவவுக்கு உள்ளுக்கை தெரியும். ஏட்ரியானாவின்ரை தாய் நேரை வந்து, என்ரை பிள்ளையைக் கிறிஸ்தோபர்தான் கொன்றவன் எண்டு சொல்லியிருக்கிறா. கார்மெலா தனியார் துப்பறிவாளரை வைச்சுத் தேடப்போறன் எண்டு டோனியிட்டைச் சொல்லுறா. அப்ப டோனி என்ன செய்யிறார்? அவ கட்டிக்கொண்டிருந்த வீடு, பலகைத் தரம் சரியில்லை எண்டு பரிசோதகர் நிப்பாட்டி வைச்சது. டோனி ஆள்விட்டு அந்தத் தடையை எடுப்பிச்சுக் குடுக்கிறார். வேலை திரும்பத் துவங்குது, துப்பறிவாளர் கதை அதோடை போச்சு.

இப்ப 12ஆம் பகுதியின்ரை கடைசிக் காட்சியை எடுத்துப் பாருங்கோ. டோனியும் கார்மெலாவும் காட்டுக்குள்ளை இருக்கினம், அந்த வீடு கட்டப்போற காணியிலை. ஏட்ரியானா தவழ்ந்த அதே மாதிரிச் சருகு, அதே மாதிரி மரம். உடம்பைக் காட்டியிருந்தால் நாங்கள் அந்தக் காட்டையும் இந்தக் காட்டையும் வேறை வேறையாய்த்தான் பாத்திருப்பம். காட்டாததாலை கார்மெலா இருக்கிற இடத்திலையும் அவள் கிடக்கிற மாதிரி இருக்கு. அந்த வீட்டின்ரை அத்திவாரம் ஆரின்ரை மேலை எண்டு தொடர் ரெண்டு வருசத்துக்கு முன்னமே சொல்லிட்டுது.

பண்ணைப்பாலம்:

காணியும் காடும் பற்றின கதை எனக்குப் புதுசு. திரும்பப் பாக்கோணும்.

ஆனால் ஒண்டு சொல்லுறன். இஞ்சை பொடியள் இந்தத் தொடரிலை இருந்து துண்டு துண்டாய் வெட்டி, பின்னணி இசை போட்டுப் பரப்புறாங்கள். அதிலை எல்லாம் டோனி அடிக்கிறது, ரால்ஃபைக் குசினியிலை கொல்லுறது, படகுக் காட்சி. வாள்வெட்டுக் குழுக்கள் திரிஞ்ச ஊர் இது. கையிலை வாளோடை படம் எடுத்துப் போட்ட பொடியளை எல்லாரும் பாத்தனாங்கள். ஏட்ரியானாவின்ரை காட்சியை மட்டும் ஒருத்தனும் அப்பிடி வெட்டிப் போடேல்லை. போடவும் ஏலாது. வீரம் காட்ட அதிலை ஒண்டும் இல்லை. அந்த வகையிலை மறைச்சது சரிதான் எண்டு எனக்கு இப்ப படுது. தண்டனை பற்றி நான் சொன்னதிலை மாற்றம் இல்லை.

வல்லைவெளி:

அது மறைச்சதாலை மட்டும் இல்லை. தவழுறதாலையும். நிண்டு சாகிறவனுக்குத் திரையிலை ஒரு கம்பீரம் தானாய் வந்துவிடும், எந்த நோக்கத்தோடை எடுத்தாலும். படகிலை பிக் புசிக்கு அது வந்தது. ஒருத்தி கையும் முழங்காலும் சருகிலை ஊண்டித் தவழ்ந்து போறதை எந்த இசை போட்டும் கம்பீரமாக்கேலாது. ட்ரேசி காட்சியோடை ஒப்பிடுங்கோ. அதிலை அடிக்கிறதைக் காட்டினவை, முகத்தைக் காட்டினவை. பாத்தவை ரால்ஃபை வெறுத்தவை, சரி. ஆனால் ட்ரேசியை எத்தனைபேர் நினைவு வைச்சிருக்கினம்? ரால்ஃபை நடிச்ச ஜோ பன்டோலியானோ 2003 இலை எமி எண்ட தொலைக்காட்சி விருது எடுத்தார். 2004 இலை ஏட்ரியானாவாய் நடிச்ச ட்ரேயா டி மத்தேயோ எடுத்தா, அதே வருசம் எழுத்துக்கு ரெரன்ஸ் வின்டரும், கிறிஸ்தோபராய் நடிச்ச மைக்கல் இம்பீரியோலியும் எடுத்தினம். காட்டின கொலையிலை கொலைகாரன் நிக்கிறான். மறைச்ச கொலையிலை செத்தவளும் காட்டிக்குடுத்தவனும் நிக்கினம். சுட்டவன் ஒரு பொருட்டே இல்லை.

கோண்டாவிலான்:

சுட்டவன் பொருட்டில்லை எண்டுறதுதான் என்ரை பிரச்சினை, வல்லைவெளி. 2007 ஜூன் 3, கடைசிக்கு முந்தின பகுதி. அவையின்ரை பாடா பிங் கிளப் வாசலிலை காருக்குள்ளை வைச்சுச் சில்வியோவைச் சுடுகினம். பட்டப்பகல். அவன் தடுமாறுறது, திருப்பிச் சுடுறது, குண்டு படுறது, எல்லாம் முழுசாய்க் காட்டுகினம். அடுத்த பகுதியிலை கோமாவிலை கிடக்கிறவன்ரை பக்கத்திலை டோனி போய் நிக்கிறார். பாக்கிறவன்ரை நெஞ்சு கனக்குது. சில்வியோவுக்கு இவ்வளவு வெளிச்சமும் ஆஸ்பத்திரிக் கட்டிலும் குடுத்தவை, அவன் கொன்றவளுக்கு மூண்டு செக்கன் குடுக்கேல்லை. இந்த ரெண்டையும் பக்கத்திலை வைச்சுப்போட்டு, சுட்டவன் பொருட்டில்லை எண்டு திரும்பச் சொல்லுங்கோ பாப்பம்.

மாதகல் தங்கச்சி:

கோமாவிலை கிடக்கிற சில்வியோவுக்கு என்ரை நெஞ்சு கனக்கேல்லை அண்ணா. அவன் கார்க் கதவுக்குள்ளாலை வந்து நிக்கேக்கை எனக்கு இன்னொரு கார்க் கதவுதான் ஞாபகம் வந்தது. உங்களுக்கும் அப்பிடி வந்திருக்கோணும், இல்லாட்டில் இந்த இழையையே துவங்கியிருக்க மாட்டியள்.

கோண்டாவிலான்:

வந்தது. ஆனால் கனபேருக்கு வரேல்லை. சில்வியோ செத்தானோ தப்பினானோ எண்டு கேக்கிறவை இண்டைக்கும் இருக்கினம். அவை அவன் காட்டிலை செய்ததைப் பற்றி ஒரு வரியும் எழுதுறேல்லை. அதுக்குக் காரணம் பாக்கிறவையோ, எடுத்தவையோ? நான் எடுத்தவை எண்டுறன்.

வல்லைவெளி:

நான் பாக்கிறவை எண்டுறன். எடுத்தவை பெற்றோல் ஷெட்டையும், காரையும், கடைசிக் காணியையும் ஒரே பகுதிக்குள்ளை வைச்சுக் குடுத்திட்டினம்.